சபைக்கு மூணு வருஷ ப்ளான் போடுறது எப்படி? காரைக்குடி பக்கத்து கமிட்டிக்காரன் ஒருத்தனோட செய்முறை

எங்க சர்ச் சபைல முன்னாடி ஒருதடவ ப்ளான் போட்டோம். பத்து லட்சியம், பெரிய ஃப்ளெக்ஸ், ஜெபம் பண்ணி திறப்பு விழா வேற. அடுத்த வருஷ அறுப்பின் பண்டிகைல காணிக்கையா வர்ற ஏலப் பொருள் அடுக்க கீழ விரிக்க ஒண்ணும் கிடைக்கலன்னு அந்த ஃப்ளெக்ஸையே எடுத்து விரிச்சுட்டாங்க, "வீட்டுக்கு வீடு ஜெபக்குழு"ங்கற வரி மேல ஒரு சேனைக்கிழங்கு உக்காந்துருந்துச்சு. அதனால இது ஒருதடவ கோட்டை விட்டவன் எழுதுறது, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ஸ்டெப் 1: தலைய எண்ணுங்க

இத சொன்னா கமிட்டில சிரிப்பாங்க, ரிஜிஸ்டர் இருக்கேம்பாங்க. ரிஜிஸ்டர நம்பாதீங்க. நம்ம செட்டிநாட்டுல நகரத்தார் கோயில் கணக்கு எப்படி, கல்யாணம் ஆன ஒரு ஜோடி ஒரு புள்ளி, ஆளு பர்மாவுல இருந்தாலும் மலேயாவுல இருந்தாலும் புள்ளி ஊர்லதான், வரியும் ஊருக்குத்தான். நம்ம ரிஜிஸ்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கு, ஆனா அவங்களுக்கு யாரு எங்க இருக்காகன்னு தெரியும், நமக்கு தெரியாது, அதான் வித்தியாசம்.

தொடர்ந்து நாலு ஞாயிறு பின் பெஞ்சுல ஒருத்தர உக்கார வச்சு எண்ணுங்க. பண்டிகை ஞாயிறு வேண்டாம், டிசம்பர் வேண்டவே வேண்டாம், அப்ப எல்லாரும் லீவுக்கு வந்துருப்பாங்க, கணக்கு பொய் சொல்லும். அப்புறம் ரிஜிஸ்டர் பேர்கள மூணா பிரிங்க: ஊர்ல இருக்குறவங்க, திருப்பூர் சென்னைன்னு போனவங்க, சிங்கப்பூர் துபாய்ல இருக்குறவங்க. ஊர்ல இருக்குறவங்கள்ல அறுபது வயசு தாண்டினவங்க பேருக்கு நேரா ஒரு டிக். எங்க பழைய ப்ளான்ல பத்துல நாலு லட்சியம் வாலிபர் கூட்டம் சம்பந்தப்பட்டது, வாலிபரெல்லாம் திருப்பூர்ல. இந்த ஒரு பேப்பர் அன்னைக்கு கையில இருந்துருந்தா ஃப்ளெக்ஸ் காசாவது மிச்சம்.

ஸ்டெப் 2: வீட்டுக்குப் போய் கேளுங்க

பைபிள்ல எருசலேம் மதில திரும்பக் கட்டின நெகேமியா ஊருக்கு வந்ததும் மீட்டிங் போடல, ராத்திரில கொஞ்ச பேர கூட்டிக்கிட்டு இடிஞ்ச மதில சுத்திப் பாத்தாரு, யார்ட்டயும் மூச்சு விடல. நம்மளும் அப்படி ரெண்டு ரெண்டு பேரா போகணும். ஆனா "சபைக்கு என்ன வேணும்"னு மட்டும் கேட்டுறாதீங்க, எல்லா வீட்லயும் ஏசி, மைக் செட்டுக்கு புது மிக்ஸர், பெரிய ஹால்னு ஒரே பதில்தான் வரும். "வரணும்னு நெனச்சு வராம விட்டது எது, ஏன்"னு கேளுங்க.

ஒரு அப்பத்தா எங்ககிட்ட சொன்னாக, "கூட்டம் முடியுறதுக்குள்ள பஸ்சு போயிருதுப்பா, ஆட்டோவுக்கு குடுக்க நான் எங்க போவேன்." புதன் கூட்டத்துக்கு ஏன் ஆள் குறையுதுன்னு ஆயர் ஐயா உபவாச ஜெபமே வச்சுட்டாரு. கூட்டத்த முக்கால் மணி நேரம் முன்னாடி தள்ளினோம், அவ்வளவுதான்.

ஸ்டெப் 3: ஐந்தொகை

பொருளாளர்கிட்ட மூணு வருஷ நோட்ட வாங்கி வரவ ரெண்டா பிரிங்க. மாசாமாசம் வர்ற சந்தா, ஞாயிறு காணிக்கை ஒரு பக்கம். பண்டிகை ஏலம், ஊருக்கு வந்தவங்க உணர்ச்சிவசப்பட்டு குடுத்தது இன்னொரு பக்கம். சம்பளம், கரண்ட் பில் மாதிரி மாசாமாசம் நிக்கிற செலவுக்கு முதல் பக்கத்த மட்டும்தான் நம்பணும். ஏலக் காச நம்பி ஆள் வேலைக்கு வச்சுட்டு பிப்ரவரில முழிச்ச சபைய எனக்குத் தெரியும், சரி, எங்க சபைதான்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இன்னொண்ணு. இந்திய பாஸ்போர்ட் வச்சுருக்க நம்ம பையன் துபாய்ல சம்பாதிச்சு சொந்தக் காச பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைல சேராது. சிங்கப்பூர் மலேசியா குடியுரிமை வாங்கிட்ட மாமா அனுப்பினா சேரும், நம்ம ரத்தம்தானேன்னு சட்டம் பாக்காது. அத வாங்கணும்னா எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை சட்டத்துல பதிவு, இல்லன்னா முன் அனுமதி வேணும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் பணம் முதல்ல டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் வந்து விழணும். சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) மாதிரி பெரிய அமைப்புக்குள்ள இருக்க சபைன்னா டயோசிஸ் (பேராயம்) ஆபீஸ்ல கேக்காம ஒரு ரூபா வாங்காதீங்க.

ஸ்டெப் 4: ரெண்டே ரெண்டு

பத்து வேண்டாம். ரெண்டு. "ஆவிக்குரிய வளர்ச்சி"ன்னு எழுதுனா அது ஜெபக்குறிப்பு, ப்ளான் இல்ல. "ஜூன் முதல் ஞாயிறுல இருந்து ஓய்வுநாள் பள்ளிக்கு இன்னும் ரெண்டு டீச்சர், பொறுப்பு இன்ன அக்கா, செலவு இவ்வளவு"ன்னு எழுதணும். மதில் கட்ட ஊருக்குப் போக அனுமதி கேட்டப்ப பாரசீக ராஜா எவ்வளவு நாளாகும்னு கேட்டாரு, அப்ப நெகேமியா கர்த்தர் சித்தம்னு மழுப்பல, காலம் குறிச்சு சொன்னாரு. மதில் 52 நாள்ல முடிஞ்சதுக்கு ஒரு காரணம் மூணாவது அதிகாரத்துல இருக்கு, பல பேருக்கு அவங்கவங்க வீட்டுக்கு எதிர்ல உள்ள துண்டையே பிரிச்சு விட்டுருக்காங்க. எங்க கமிட்டில எல்லா துண்டும் செயலர் அண்ணன் வீட்டுக்கு எதிர்லயே வந்து விழும், அவரும் பாவம் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. ஒருத்தர் பேர் ரெண்டு தடவ வந்தா ஒண்ண அடிச்சுருங்க.

ஸ்டெப் 5: மினிட் நோட்டு

ஆயருக்கு ட்ரான்ஸ்பர் வரும், ப்ளான் அவர் டைரில இருந்தா அவரோடயே போயிரும். மினிட் நோட்டுல எழுதி, வாசிச்சு, கையெழுத்து. மூணு மாசத்துக்கு ஒருதடவ அந்தப் பக்கத்த மட்டும் திறந்து வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காருங்க, வேற பேச்சு எடுக்க விடாதீங்க, நடக்காதத சிவப்பு மையில அடிச்சுட்டு ஏன்னு பக்கத்துல ஒரு வரி. அந்த உக்காருதல அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரத்துல மட்டும் வச்சுறாதீங்க, பாதி கமிட்டி பந்தல்காரர தேடிக்கிட்டு இருக்கும்.