பழைய காரில் ஸ்டியரிங் இறுகினால் முதலில் எதைப் பார்ப்பது?

பவர் ஸ்டியரிங் பம்பைக் கழற்றுவதற்கு முன்பு, முன் டயர்களில் காற்றைப் பாருங்கள். கதவோரத்து ஸ்டிக்கரில் 30 பிஎஸ்ஐ என்றிருக்க, 20-தான் இருந்தால் எந்த ஸ்டியரிங்கும் இறுகத்தான் செய்யும்.

அடுத்து எஞ்சினை அணைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தித் திருப்புங்கள். அப்போதும் ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து வந்தால் கோளாறு பம்பில் இல்லை; பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டு), ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்) மேல் பேரிங், ஸ்டியரிங் கம்பியின் குறுக்கு ஜாயிண்ட் ஆகியவற்றைச் சோதியுங்கள். உவரி, கூடங்குளம் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றால் அந்தக் குறுக்கு ஜாயிண்ட் துருப்பிடிப்பதுண்டு. திசையன்விளைத் தேரி மணல் கிழிந்த ரப்பர் பூட் வழியே நுழைந்து பால் ஜாயிண்டை அரைத்துவிடும்.

லேசாகத் திரும்பினால் பவர் ஸ்டியரிங் ஆயிலைப் பாருங்கள். நுரை தெரிந்தால் காற்று நுழைகிறது. பெரும்பாலும் அந்த ஆயில் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஓஸின் கிளிப் தளர்ந்திருக்கும். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் மாற்றுங்கள். மூடியில் எழுதிய ரகம்தான். பிரேக் ஆயிலை மறந்தும் ஊற்றாதீர்கள், சீல்கள் ஊதிக் கெடும்.

திருப்பும்போது கீச்சென்றால் பம்பை ஓட்டும் பெல்ட். நடுவில் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் என்றால் இறுக்குங்கள்.

ஆயிலில் நுழைந்த காற்றை எடுக்க: சக்கரம் தூக்கிய நிலையில், எஞ்சின் ஓடாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 15, 20 தடவை மெதுவாகத் திருப்பி, குறையும் ஆயிலை ஊற்றிக்கொண்டே வாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து இன்னும் சில தடவை. கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து வைத்தால் பம்பு சூடேறிக் கெடும்.

காலையில் மட்டும் இறுகி, ஓடியபின் இளகினால் ராக்கின் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) உள்சீல் தேய்ந்திருக்கலாம். அது பட்டறை வேலை.