ஸ்டெல்லா ரிமிங்டனின் உளவு நாவல்களை எங்கே தொடங்கி எப்படி வாசிப்பது

ரிமிங்டனின் நாவலைப் பாதியில் மூடி வைப்பவர்கள் பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தத்தை எதிர்பார்த்து உள்ளே போனவர்கள். அவருடைய கதைகள் நகர்வது கோப்புகளால். ஆவணக் காப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5-க்குத் தலைமை இயக்குநரானவர் அவர் (1992–1996). அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். நியமனத்தின்போதே பெயர் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட முதல் தலைவரும் அவர்தான். ஆகவே வாழ்க்கையை முதலில் படியுங்கள், கதை பிறகு.

அதற்கு 2001-இல் வந்த சுயசரிதை 'ஓப்பன் சீக்ரெட்' போதும். நேரம் குறைவு என்றால் டெல்லிப் பகுதியையும் எம்.ஐ.5-இல் அவருடைய முதல் சில ஆண்டுகளையும் மட்டுமாவது படித்துவிடுங்கள். கணவரின் பணி நிமித்தம் 1965-இல் டெல்லிக்கு வந்தவர், 1967-இல் பிரிட்டிஷ் ஹைகமிஷனில் இருந்த எம்.ஐ.5 அதிகாரிக்கு அலுவலக உதவியாளரானார். லண்டன் திரும்பி 1969-இல் முழுநேரமாகச் சேர்ந்தபோது, பட்டம் பெற்ற பெண்ணுக்கும் உதவியாளர் நிலைதான். வெளியே போய் ஆட்களைப் பிடித்துத் தகவல் வாங்கும் வேலை ஆண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. இந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நாவல்களின் நாயகி லிஸ் கார்லைல் செய்வது சரியாக அந்த வேலையைத்தான். தன் தலைமுறைப் பெண்கள் போராடிப் பெற்றதை, லிஸ் அன்றாட அலுவலாகச் செய்யும்படி அவர் எழுதியிருக்கிறார். எனக்கு இந்தத் தொடரில் மிகப் பிடித்தது இதுதான்.

சுயசரிதையில் ஒரு எச்சரிக்கை. கையெழுத்துப் பிரதி அரசின் தணிக்கைக்குப் போய் வந்த நூல் அது. நடவடிக்கைகளைப் பற்றிய விவரம் மெலிந்திருக்கும், அலுவலகச் சூழல்தான் செறிவாக இருக்கும். எம்.ஐ.5 கண்காணித்தது என்று சர்ச்சைக்குள்ளான, பிரிட்டனின் 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் சொல்வது அவர் தரப்பு மட்டுமே. தொழிற்சங்கத்தினரின் தரப்பையும் படித்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

அடுத்து நாவல்கள். லிஸ் கார்லைல் தொடரில் மொத்தம் 10. முதல் மூன்றை மட்டும் வரிசை மாற்றாமல் படியுங்கள்: 'அட் ரிஸ்க்' (2004), 'சீக்ரெட் அசெட்' (2006), 'இல்லீகல் ஆக்‌ஷன்' (2007). மேலதிகாரி சார்ல்ஸ் வெதர்பிக்கும் லிஸ்ஸுக்கும் இடையே சொல்லப்படாமல் இருப்பது, வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6-இன் ஜெஃப்ரி ஃபேன் மீது அவளுக்குள்ள எச்சரிக்கை, எல்லாம் இங்கேதான் விதைக்கப்படுகின்றன. நடுவில் நுழைந்தால் கூட்ட அறைக் காட்சிகள் வெறும் பேச்சாகத் தோன்றும். நாலாவதிலிருந்து விருப்பப்படி எடுக்கலாம். வட அயர்லாந்து பிடிக்குமென்றால் 'பிரசென்ட் டேஞ்சர்' (2009), சோமாலியக் கடற்கொள்ளையர் என்றால் 'ரிப் டைட்' (2011).

வாசிக்கும்போது ஒரு தாளை நான்காக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்கு ஒன்றாகக் குறித்து வாருங்கள்: தகவல் எது, யார் தந்தது, இப்போது யாருக்குத் தெரியும், யாருக்கு இன்னும் தெரியாது. அத்தியாயங்கள் குட்டி குட்டியானவை. மூன்று நான்கு இழைகள் மாறி மாறி வருவதால், 50 பக்கம் தாண்டியதும் பெயர்கள் குழம்பத் தொடங்கும். தாளின் கடைசிக் கட்டத்தை நிரப்புவதுதான் முக்கியம். இந்தக் கதைகளில் ஆபத்து பெரும்பாலும், ஒரு மேசையில் இருக்கும் காகிதம் பக்கத்து மேசைக்குப் போகாததால் வருகிறது. 'சீக்ரெட் அசெட்'டிலிருந்து வரும் பெகி கின்சால்விங்கைக் கண்ணை எடுக்காமல் கவனியுங்கள். தேடிச் சலிக்காத அந்த ஆய்வாளர்தான், என் கணிப்பில், லிஸ்ஸைவிட ரிமிங்டனின் ஆவணக்காப்பகக் காலத்துக்கு நெருக்கமானவர்.

அமைப்புகளைக் கலந்துவிடாதீர்கள். எம்.ஐ.5 உள்நாட்டுப் பாதுகாப்பைப் பார்ப்பது, கைது செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது. கைதுக்குப் போலீஸ் வரவேண்டும், அதனால்தான் கதையில் அத்தனை தொலைபேசி அழைப்புகள். எம்.ஐ.6 வெளிநாட்டு உளவு. சம்பளம் வாங்கும் ஊழியர் 'ஆபீசர்', அவருக்குத் தகவல் தரும் வெளியாள்தான் 'ஏஜென்ட்'. ஜேம்ஸ் பாண்ட் படங்களில் ஜூடி டெஞ்ச் நடித்த 'எம்' பாத்திரத்துக்கு ரிமிங்டன் தூண்டுதல் என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் 'எம்' தலைமை தாங்குவது எம்.ஐ.6-க்கு.

நன்றியுரைப் பக்கத்தையும் தாண்டிவிட வேண்டாம். முதல் நாவலின் ஆய்விலும் எழுத்திலும் எழுத்தாளர் லூக் ஜென்னிங்ஸ் உதவியதை ரிமிங்டன் வெளிப்படையாகப் பதிவு செய்திருக்கிறார். நடையின் வேகத்தைப் பிற்கால நாவல்களோடு ஒப்பிட நினைப்பவர்களுக்கு அது தேவைப்படும்.

லிஸ் தொடர் 2018-இல் 'தி மாஸ்கோ ஸ்லீப்பர்ஸ்' நாவலோடு நிற்கிறது. பிறகு சி.ஐ.ஏ. ஆய்வாளர் மேனன் டைலரை வைத்து 2022-இல் 'தி டெவில்ஸ் பார்கன்' எழுதினார். 2025 ஆகஸ்டில், 90 வயதில் காலமானார். பத்தையும் படிக்கப் பொறுமையில்லாதவர்கள் முதல் மூன்றை முடித்ததும் நேரே இந்த மேனன் கதைக்குப் போகலாம், முன்கதை எதுவும் தேவைப்படாது.