ரும்பாவில் இடுப்பை ஆட்டாதீர்கள், முழங்காலைக் கவனியுங்கள்

ரும்பா என்ற ஜோடி நடனத்தைக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே இடுப்பை ஆட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த ஆட்டத்தில் இடுப்பு தானாக எதையும் செய்வதில்லை. முழங்கால்கள் மடங்கி நிமிர்வதால்தான் அது அசைகிறது. வலிந்து ஆட்டினால் தோளும் சேர்ந்து குலுங்கும், துணையைப் பிடித்திருக்கும் கையும் ஆடும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. பாதங்களைச் சேர்த்து வைத்து நில்லுங்கள். இடது முழங்காலை மடித்து, எடை முழுவதையும் வலது காலில் இறக்கி அதை நிமிர்த்துங்கள். இடுப்பு வலப்பக்கம் போய் அமரும். அடுத்து கால் மாற்றுங்கள். பாதம் தரையைவிட்டு எழக்கூடாது, தோள் அசையக்கூடாது. கண்ணாடி முன் மெதுவாகச் செய்தால் தவறு உடனே தெரியும்.

அடுத்த கோளாறு, அவசரப்படுவது. சமூக நடனங்களில் அதிகம் ஆடப்படும் அமெரிக்கப் பாணியின் அடிப்படை, பெட்டி வடிவில் கால் வைக்கும் பாக்ஸ் ஸ்டெப். நடத்துபவர் இடதுகாலை முன்னே வைப்பது ஸ்லோ, இரண்டு பீட் (தாளத் துடிப்பு). வலதுகால் பக்கவாட்டில் ஒரு பீட், இடதுகால் வந்து சேர ஒரு பீட், இவை இரண்டும் குயிக். பிறகு வலதுகால் பின்னே, இடது பக்கவாட்டில், வலது சேர்ப்பு. துணைக்கு இதன் எதிர்ப்பிம்பம். பலரும் ஸ்லோவின் முதல் பீட்டிலேயே காலை வைத்து, எடையையும் மாற்றி முடித்து, இரண்டாவது பீட்டில் மரம்போல் நிற்பார்கள். எடை மாறுவதும் முழங்கால் நிமிர்வதும் அந்த இரண்டு பீட்டிலும் பரவ வேண்டும். ரும்பாவின் அழகே அந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

அடி நீளமாக இருந்தாலும் இதே கதிதான். தோள் அகலத்துக்குள் வையுங்கள். அதைத் தாண்டினால் அடுத்த குயிக்குக்குள் கால் வந்து சேராது. குதிகாலை முதலில் ஊன்றாதீர்கள். பெருவிரல் பக்கம் முதலில் தரையைத் தொட்டு, பிறகு பாதம் முழுதும் அமரட்டும்.

நடத்துபவர் நீங்களானால், துணையைக் கையால் இழுப்பதும் தள்ளுவதும் வேண்டாம். வலது கை அவருடைய இடது தோள்பட்டை எலும்பின்மேல் இருக்க, உங்கள் உடல் நகர்ந்தாலே செய்தி போய்ச் சேரும். கைக்குக் கீழே சுற்றவிடும்போது விரல்களைத் தளர்த்துங்கள். இறுக்கிப் பிடித்தால் அவர் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும்.

வீடியோ பார்த்துக் கற்பவர்கள் இன்னொன்றில் தடுமாறுகிறார்கள். ஹவானா, மத்தான்சாஸ் நகரங்களின் ஆப்பிரிக்க வம்சாவளிக் கியூபர்கள் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய ரும்பா வேறு. யாம்பு, குவாகுவாங்கோ, கொலும்பியா என்பவை அதன் வகைகள். பறைகளும், ஒன்றோடொன்று தட்டும் கிளாவே குச்சிகளும் ஒலிக்க, ஒருவரையொருவர் பிடிக்காமல் ஆடுவது. 2016இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது அதுதான். நடன அரங்கில் நாம் ஆடுவதன் வேர், சோன், பொலேரோ என்ற கியூப இசை வகைகளில் இருக்கிறது. 1930இல் கியூப இசைக்குழுத் தலைவர் டான் அஸ்பியாசு நியூயார்க்கில் பதிவுசெய்த 'எல் மனிசெரோ' ஒரு சோன் பாட்டு. அது ரும்பா என்று விற்பனையானதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குவாகுவாங்கோ வீடியோவைப் பார்த்துப் பாக்ஸ் ஸ்டெப்புக்குள் அசைவுகளைத் திணித்தால் இரண்டும் கெடும்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது 15 வினாடிக்கு எத்தனை பீட் என்று எண்ணுங்கள். 30 முதல் 32 வந்தால் பாக்ஸுக்குச் சரி. ரும்பாவின் இன்னொரு பாணியான சர்வதேசப் பாணிக்கு 25 முதல் 27. அதில் நான்கு பீட் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் 2, 3, 4 ஆகிய பீட்டுகளில்தான் அடி. 4இல் வைத்த கால் அடுத்த 1 வரை நீளும், 1இல் புது அடி கிடையாது. ஒருவர் பாக்ஸும் மற்றவர் சர்வதேசப் பாணியும் கற்றிருந்தால் முதல் அடியிலேயே முழங்கால்கள் முட்டும். ஆடத் தொடங்குமுன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.