சோலார் போட்ட வீட்டில் மோட்டாரை எப்போது போடுவது?

பொள்ளாச்சியில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை வரும். பகலில் மிஞ்சி லைனுக்கு அனுப்பியதை ராத்திரி எடுத்தால் நெட் மீட்டர் கழித்துக்கொள்கிறது, பிறகென்ன கவலை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பில்லுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் மதியம் நாம் அனுப்பும் கரண்டை அந்த நொடியே யாராவது செலவழித்தாக வேண்டும். ராத்திரி நாம் எடுப்பது அப்போது வேறெங்கோ புதிதாக உற்பத்தியாவது.

எங்கள் பக்கத்து மலையில் இருக்கும் காடம்பாறை, 400 மெகாவாட் நிலையம், இதற்காகவே பாடுபடுகிறது. கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை கூடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றச் செலவான யூனிட் முழுதாகத் திரும்பி வராது. வீட்டு வேலையை மதியத்துக்குத் தள்ளினால் அந்த நஷ்டமும் இல்லை.

முதலில் ஒரு வாரம் மீட்டரைக் கவனியுங்கள். இம்போர்ட் (லைனிலிருந்து எடுத்தது), எக்ஸ்போர்ட் (லைனுக்கு அனுப்பியது) என்று இரண்டு எண்கள் மாறி மாறி வரும். காலை, பொழுது சாயும் நேரம், படுக்கும் முன் என மூன்று வேளையும் இம்போர்ட்டைக் குறித்தால் எங்கே எகிறுகிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் கொண்டுவாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் பேனல் தருவதைத் தாண்டி, மிச்சம் லைனிலிருந்து வரும். வேலைக்குப் போகிறவர்கள் வாஷிங் மெஷினில் டைமர் வைத்துவிட்டுப் போகலாம். தொட்டி உள்ள கீசரை மூன்று மணிக்குப் போட்டு அணைத்தால் சாயங்காலக் குளியலுக்குச் சூடு தாங்கும். 2 கிலோவாட் கீசர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட், சும்மா இல்லை. ராத்திரி ஏசியை மட்டும் நகர்த்த வழியில்லை. 26-இல் வைத்து ஃபேனையும் போடுங்கள்.

ஒரே டிரான்ஸ்பார்மரில் பல வீடுகள் மதியம் கரண்ட் அனுப்பினால் தெருவில் வோல்டேஜ் ஏறி, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் நின்றுவிடலாம். 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று திரையில் வந்தால் பேனல் போட்டவரைத் திட்டாதீர்கள். இபி அலுவலகத்தில் சொல்லி டிரான்ஸ்பார்மரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்நேரம் வீட்டில் மோட்டார் ஓடினாலே ஏற்றம் கொஞ்சம் தணியும்.

கரண்ட் போனால் சாதா சோலாரும் நின்றுவிடும். பேனல் கரண்ட் லைனில் போய், கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது அல்லவா! அப்போதும் விளக்கெரிய வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அடிக்கடி கரண்ட் போகாத ஊரில் அந்தச் செலவு தேவையில்லை.