அமெரிக்க வேலையில் உரிமையைக் கோட்டைவிடும் இடங்கள்

அமெரிக்காவில் வேலையில் ஒரு அநியாயம் நடந்தால் கேஸ் போட்டுப் பெரிய தொகை வாங்கிவிடலாம் என்று நம்மிடையே ஒரு நினைப்பு இருக்கிறது. நிஜம் என்னவென்றால், மொன்டானா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் பொதுவாகக் காரணமே சொல்லாமல் இன்று மத்தியானமே உங்களை வீட்டுக்கு அனுப்பலாம். சட்டம் தடுப்பது சில குறிப்பிட்ட காரணங்களை மட்டும்தான்: இனம், நிறம், மதம், பாலினம், கர்ப்பம், பிறந்த நாடு, 40 அல்லது அதற்கு மேற்பட்ட வயது, உடல் குறைபாடு, அப்புறம் உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்குவது. மேனேஜர் எல்லாரிடமும் ஒரே மாதிரி எரிந்து விழுகிறவர் என்றால், அது கொடுமைதான், ஆனால் பெரும்பாலும் சட்டவிரோதம் இல்லை.

புகார் மெயிலிலேயே பலர் சறுக்குவது இதனால்தான். "என்னை மரியாதையில்லாமல் நடத்துகிறார், மன உளைச்சலாக இருக்கிறது" என்று இரண்டு பக்கம் எழுதுவார்கள். அதில் சட்டம் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. "மார்ச் 3ஆம் தேதி நான் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னேன், 10ஆம் தேதி ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், இது கர்ப்பத்தின் காரணமாகக் காட்டும் பாகுபாடு என்று கருதுகிறேன்" என்ற நாலு வரி அதைவிட எவ்வளவோ வலுவானது. காரணத்தைப் பெயர் சொல்லி எழுத்தில் வைத்துவிட்டால், அதற்குப் பின் வரும் திடீர் மோசமான ரேட்டிங்கைப் பழிவாங்கல் என்று காட்ட ஒரு பிடி கிடைக்கும். வேலையில் காட்டும் பாகுபாட்டை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பான ஈ.ஈ.ஓ.சி.க்கு (EEOC) வருகிற புகார்களில் அதிகம் சொல்லப்படுவதே பழிவாங்கல்தான்.

அடுத்தது, எச்.ஆரை நீதிமன்றம் போல நினைத்துக் காத்திருப்பது. எச்.ஆர் கம்பெனியின் ஆள், அவர்கள் விசாரணை எட்டு மாதம் ஓடினாலும் உங்கள் கெடு அதற்காக நிற்காது. ஈ.ஈ.ஓ.சி.யில் புகார் கொடுக்க 180 நாள், அதே மாதிரிப் பாகுபாட்டுக்கு மாநிலத்திலும் சட்டமும் அலுவலகமும் இருந்தால் 300 நாள். அட்லாண்டாவில் தனியார் கம்பெனியில் இருப்பவருக்கு 180தான், ஏனென்றால் ஜார்ஜியாவில் அப்படி ஒரு மாநில ஏற்பாடு இல்லை. கலிபோர்னியாவிலோ மாநில அலுவலகத்துக்குப் போக மூன்று வருடம் இருக்கிறது. ஈ.ஈ.ஓ.சி. கெடுவுக்கு நாளை எண்ணத் தொடங்குவது வேலையின் கடைசி நாளிலிருந்து அல்ல, வேலை போகிறது என்று உங்களிடம் சொன்ன நாளிலிருந்து. ஈ.ஈ.ஓ.சி. 'வழக்குத் தொடரலாம்' என்று கடிதம் கொடுத்தால் அதிலிருந்து 90 நாள்தான், அந்தக் கடிதத்தை மேசை டிராயரில் போட்டு மறந்தவர்கள் உண்டு.

மத்தியச் சட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு "நமக்குப் பொருந்தாது" என்று விடுவதும் இதே கதைதான். பாகுபாட்டைத் தடுக்கும் முக்கிய மத்தியச் சட்டம் பொருந்தக் கம்பெனியில் குறைந்தது 15 ஊழியர்கள் வேண்டும், கலிபோர்னியா சட்டத்துக்கு ஐந்தே போதும். மத்தியச் சட்டத்தில் ஓவர்டைம் வாரம் 40 மணிக்கு மேல்தான், கலிபோர்னியாவில் ஒரே நாளில் 8 மணி தாண்டினாலும் உண்டு. எது உங்களுக்குச் சாதகமோ அதைக் கேட்கலாம். "எனக்கு மாதச் சம்பளம், அதனால் ஓவர்டைம் கிடையாது" என்பதும் பாதி உண்மைதான். சம்பள வரம்போடு, தினமும் செய்கிற வேலை என்ன என்பதும் கணக்கு. லீட், மேனேஜர் என்ற பட்டம் எதையும் மாற்றாது. சாதாரண ஹெல்ப் டெஸ்க் வேலைக்குப் பெரும்பாலும் ஓவர்டைம் உண்டு.

எச்-1பி வேலை விசாவில் கன்சல்டன்சி மூலம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்தாலும், எல்.சி.ஏ.வில் (விசாவுக்காகக் கம்பெனி தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் படிவம்) சொன்ன சம்பளத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். இதிலிருந்து தப்பிக்க ஒரு தந்திரம் நடக்கிறது: "சொந்தக் காரணத்துக்காக லீவு வேண்டும் என்று ஒரு மெயில் போடுங்கள், ஃபார்மாலிட்டிதான்" என்பார்கள். போடாதீர்கள். ஊழியரே விரும்பி எடுத்த லீவுக்குச் சம்பளம் தரவேண்டியதில்லை என்பதால், அந்த ஒற்றை மெயில் உங்கள் உரிமையை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுப்பது. விசா மனுவுக்கான வக்கீல் செலவை உங்கள் தலையில் கட்டுவதும் சட்டப்படி கூடாது. புகாருக்கு டபிள்யூ.எச்-4 என்ற படிவம் இருக்கிறது, தொழிலாளர் துறைக்கு 12 மாதத்துக்குள் போக வேண்டும்.

வேலை போனதும் எச்-1பியில் இருப்பவருக்கு நாட்டில் தங்கக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள், ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். இந்தப் பதற்றத்தில்தான் செவரன்ஸ் (வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி தரும் பணம்) பேப்பரில் அன்றே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பணம் சும்மா வருவதில்லை, வழக்குப் போடும் உரிமைக்கு அவர்கள் கொடுக்கிற விலை அது. வயது 40 அல்லது அதற்கு மேல் என்றால், வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தத்தை யோசிக்க 21 நாள் தரவேண்டும், கும்பலாக ஆட்குறைப்பு என்றால் 45 நாள், கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். வயது குறைவு என்றாலும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் என்ன போகிறது! அதற்குள் வேலைச் சட்டம் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் பேப்பரைக் காட்டிவிடுங்கள். கலிபோர்னியாவில் மீதமிருக்கும் வெக்கேஷன் நாளுக்கான காசும் கடைசிச் சம்பளமும் வேலையை விட்டு நீக்கும் அன்றே வரவேண்டும், செவரன்ஸில் கையெழுத்துப் போட்டால்தான் அதைத் தருவோம் என்று சொல்ல முடியாது.

ஆதாரம் சேர்க்கிறேன் என்று மேனேஜர் பேசுவதை ரகசியமாக ரெக்கார்ட் செய்வது கலிபோர்னியாவில் உங்கள் மேலேயே குற்றமாகத் திரும்பலாம், அங்கே ரகசிய உரையாடல் என்றால் எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும். மீட்டிங் முடிந்ததும் "இன்று நீங்கள் சொன்னது இது" என்று ஒரு மெயில் போடுவது பாதுகாப்பான வழி. சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியர்களோடு பேசக்கூடாது என்று கம்பெனி விதி வைத்திருந்தாலும் மிரள வேண்டாம், மேற்பார்வைப் பதவியில் இல்லாத தனியார் ஊழியருக்கு அந்த உரிமை 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

கடைசியாக, லாகின் எப்போது வெட்டப்படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), ஆஃபர் லெட்டர், வருடாந்திர ரேட்டிங், விசா பேப்பர்கள் எல்லாம் வேலையில் இருக்கும்போதே வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். கோபத்தில் கஸ்டமர் லிஸ்டையும் சாஃப்ட்வேர் கோடையும் சேர்த்து பென் டிரைவில் ஏற்றிவிடாதீர்கள், கம்பெனி வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான்.