பெரிய அசெம்பிளி திணறினால் எங்கே கை வைப்பது

கேட் (கம்ப்யூட்டரில் இயந்திரங்களை வரையும்) மென்பொருளில் பல பார்ட்டுகள் சேர்ந்த அசெம்பிளியைத் திறக்கவே பல நிமிடம் ஆகிறது, ஒரு பிராக்கெட்டை நகர்த்தினால் கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றதும் பலர் முதலில் கேட்பது புதிய கம்ப்யூட்டரைத்தான். ஆனால் ரீபில்ட் (மாற்றத்துக்குப் பிறகு மாடலை மீண்டும் கணக்கிடுவது) வேலையில் பெரும்பகுதி புராசஸரின் ஒரே கோரில் நடக்கிறது. கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் அது வேகமாகாது. டாஸ்க் மேனேஜரில் ரேம் நிரம்பி வழிகிறது என்றால் மட்டும் ரேம் வாங்குங்கள். மற்றபடி கோளாறு பெரும்பாலும் மாடலுக்குள்ளேயே இருக்கும்.

இங்கே சொல்லும் கட்டளைகள் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளுக்கானவை. மற்றவற்றில் பெயர் மாறும், வழி கிட்டத்தட்ட இதுதான்.

எது மெதுவாக இருக்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது தாமதமா, ரீபில்டில் தாமதமா, திரையில் சுழற்றும்போது தாமதமா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. எவால்யுவேட் டேபில் உள்ள பர்ஃபார்மன்ஸ் எவால்யுவேஷனை ஓட்டினால் ஒவ்வொரு பார்ட்டும் திறக்க எடுத்த நேரம், ரீபில்ட் நேரம், திரையில் வரையப்படும் முக்கோணங்களின் எண்ணிக்கை எல்லாம் தெரிந்துவிடும். பட்டியலை இறங்கு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பார்ட்டுகள் இருந்தாலும் சுமையின் பெரும்பங்கு ஒரு சில பார்ட்டுகளில்தான் குவிந்திருக்கும்.

அந்தச் சிலவற்றில் அநேகமாக முதலிடம் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிய ஸ்டெப் (வெவ்வேறு கேட் மென்பொருள்கள் படிக்கும் பொது வடிவம்) கோப்புக்குத்தான். ஒரு கியர் மோட்டார் என்றால் உள்ளே பேரிங் உருண்டைகள், கூலிங் ஃபின்கள், பொறித்த லோகோ, நிஜமாகவே ஹெலிக்ஸில் வெட்டிய த்ரெட் எல்லாம் இருக்கும். உங்களுக்குத் தேவை வெளி உருவம், ஷாஃப்ட், மவுன்டிங் ஓட்டைகள், கேபிள் வெளியேறும் இடம், அவ்வளவுதான். இப்படிச் சுருக்கலாம்:

1. இறக்கிய கோப்பைத் தனியாகத் திறந்து, எடையையும் ஈர்ப்பு மையத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் எடை இருந்தால் அதையே எடுங்கள்.
2. அது அசெம்பிளியாக வந்திருந்தால் 'சேவ் ஆஸ்' கொடுத்து பார்ட் வகையாகச் சேமியுங்கள். 'எக்ஸ்டீரியர் ஃபேசஸ்' தேர்ந்தெடுத்தால் கோப்பு மிகச் சிறியதாகும், ஆனால் கிடைப்பது வெறும் சர்ஃபேஸ், அதற்கு எடை இல்லை. 'எக்ஸ்டீரியர் காம்பொனன்ட்ஸ்' எடுத்தால் சாலிட் ஆகவே வரும்.
3. எழுத்து, லோகோ, த்ரெட், சிறு ஃபில்லட் ஆகியவற்றை 'டிலீட் ஃபேஸ்' கொண்டு நீக்குங்கள். மேட் (பார்ட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தும் இணைப்பு) போடப் பயன்படும் முகங்களைத் தொடாதீர்கள்.
4. ஷாஃப்டின் அச்சிலும் மவுன்டிங் முகத்திலும் ரெஃபரன்ஸ் ஆக்சிஸ், பிளேன் வையுங்கள்.
5. மாஸ் பிராப்பர்டீஸில் 'ஓவர்ரைடு' வழியாக முன்பு குறித்த எடையையும் மையத்தையும் உள்ளிடுங்கள். இதை விட்டுவிட்டால் கிரேன் தூக்கும் கணக்கு முதல் எல்லாமே தப்பாகும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

நீங்களே வரைந்த போல்ட், நட்டுகளுக்கும் இதே விதிதான். த்ரெட்டை வெட்டாமல், அதை அடையாளமாக மட்டும் காட்டும் காஸ்மெட்டிக் த்ரெட் போடுங்கள். ஒரு போல்ட்டில் அது சின்ன விஷயம், அதே போல்ட் 800 இடத்தில் வந்தால் சுழற்றும்போது தெரியும். டாக்குமென்ட் பிராப்பர்டீஸில் இமேஜ் குவாலிட்டி ஸ்லைடரை யாராவது உச்சத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது பார்ட்டோடு சேர்ந்தே சேமிக்கப்படுவதால், அந்த பார்ட் போகும் எல்லா அசெம்பிளிக்கும் கூடவே போகும்.

ரீபில்ட் மெதுவாக இருந்தால் மேட்களைப் பாருங்கள். மேல்மட்ட அசெம்பிளியில் 300 பார்ட்டுகளை நேரடியாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 3 மேட் கொடுத்தால் கிட்டத்தட்ட 900 மேட்களை மென்பொருள் ஒன்றாகத் தீர்க்க வேண்டும். அதையே 10 சப்-அசெம்பிளிகளாகப் பிரித்தால் மேல்மட்டத்தில் 30 மேட்களே போதும். உள்ளே உள்ளவை அந்தந்த சப்-அசெம்பிளியோடு முடிந்துவிடும். ஒரு நிபந்தனை: சப்-அசெம்பிளி ரிஜிட் ஆக (உள்ளே எதுவும் நகராமல் ஒரே துண்டாக) இருக்க வேண்டும். ஃப்ளெக்சிபிள் ஆக்கினால் அதன் மேட்களும் மேல்மட்டக் கணக்கில் வந்து சேர்ந்துகொள்ளும். நிஜமாகவே நகர வேண்டிய சிலிண்டர் போன்றவற்றுக்கு மட்டும் அதை வையுங்கள்.

ஒன்றின் மேல் ஒன்றாகச் சங்கிலி போல மேட் போடுவதும் கெடுதல்தான். முதல் பார்ட் சற்று அசைந்தால் கடைசி பார்ட் வரை பிழை பாயும். முடிந்தவரை எல்லாவற்றையும் ஃப்ரேமுக்கோ, மேல்மட்ட பிளேன்களுக்கோ மேட் செய்யுங்கள். வரிசையாக வரும் போல்ட்டுகளுக்கு ஒன்றுக்கு மட்டும் மேட் கொடுத்துவிட்டு, மீதியை 'பேட்டர்ன் டிரிவன்' முறையில் ஓட்டைகளின் பேட்டர்னோடு இணையுங்கள்.

முழு ரீபில்டுக்கான கன்ட்ரோல்-க்யூ ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஏதோ ஒரு பார்ட் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறதா? அது சுற்று ரெஃபரன்ஸ். அ பார்ட்டின் விளிம்பை வைத்து ஆ பார்ட்டை அசெம்பிளிக்குள் வரைந்திருப்பார்கள், பிறகு ஆ பார்ட்டின் மேல் அ பார்ட்டையே மேட் செய்திருப்பார்கள். இடப்பக்கம் பார்ட்டுகளைப் பட்டியலிடும் மரத்தில் (ஃபீச்சர் மேனேஜர்) பெயருக்குப் பக்கத்தில் '->' குறி உள்ள பார்ட்டுகளைத் தேடி, 'எக்ஸ்டர்னல் ரெஃபரன்ஸ்' பட்டியலில் 'லாக் ஆல்' கொடுங்கள். 'பிரேக் ஆல்' கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, அதனால் லாக் தான் பாதுகாப்பு. பொது அளவுகள் தேவைப்பட்டால் எல்லா பார்ட்டும் அந்த அளவுகள் மட்டும் உள்ள ஒரே ஸ்கெலிட்டன் பார்ட்டைப் பார்க்கும்படி அமையுங்கள், பார்ட்டுகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டாம்.

திறப்பதில்தான் தாமதம் என்றால், கோப்புகள் நெட்வொர்க் டிரைவில் இருக்கின்றனவா பாருங்கள். லோக்கல் எஸ்எஸ்டிக்கு மாற்றித் திறந்தால் வித்தியாசம் உடனே தெரியும். பழைய பதிப்பில் சேமித்த பார்ட்டுகள் திறக்கும் ஒவ்வொரு முறையும் மாற்றப்படுகின்றன. அவற்றை சாலிட்வொர்க்ஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இரவோடு இரவாக மொத்தமாகப் புதுப்பித்துவிடுங்கள். பார்த்து அளக்க மட்டும் என்றால் 'லார்ஜ் டிசைன் ரிவியூ' போதும். அதில் வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து 'செலக்டிவ் ஓப்பன்' கொடுத்தால் மற்றவை மெமரிக்கே வராது.

இங்கே ஒரு பொதுவான குழப்பம்: 'ஹைட்' செய்த பார்ட் திரையில் மறைகிறதே தவிர மெமரியில் இருக்கிறது. 'சப்ரெஸ்' செய்தால்தான் வெளியேறும், ஆனால் அதன் மேட்களும் கூடவே சப்ரெஸ் ஆகும். வேலை முடிந்து நிலைத்துவிட்ட சப்-அசெம்பிளிக்கு ஸ்பீட்பேக் கான்ஃபிகரேஷன் நல்லது. தேவையான முகங்கள் மட்டும் நிற்கும், பார்ட்ஸ் லிஸ்ட் கெடாது. உள்ளே மாற்றம் செய்தால் ஸ்பீட்பேக்கைப் புதுப்பிக்க மறக்கக் கூடாது, இல்லையெனில் பழைய வடிவத்தை நம்பி டிராயிங் வெளியே போய்விடும்.

மற்ற மென்பொருள்களில், ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் இப்படிச் சுருக்கும் வேலைக்கு சிம்ப்ளிஃபை. 2022 பதிப்பு முதல் லெவல் ஆஃப் டீடெயிலுக்குப் பதில் மாடல் ஸ்டேட். கிரியோவில் சிம்ப்ளிஃபைடு ரெப், என்எக்ஸில் ரெஃபரன்ஸ் செட்.