வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு

சாந்தி நகர் பஸ் நிலையத்தில் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் நின்று பாருங்கள். திருவண்ணாமலை வண்டிக்குக் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் என்னைப்போல் கட்டட வேலைக்காரர்கள், மீதி ஐ.டி. பிள்ளைகள். வண்டி அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் பேச்சு ஊருக்குப் போய்விடும். ஏரி தூர்ந்துபோச்சு, பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இல்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. "நாமளே ஏதாவது பண்ணணும்ப்பா" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். கிருஷ்ணகிரி வருவதற்குள் எல்லோரும் தூங்கிவிடுவோம்.

நான் பெங்களூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கொத்தனாராக வந்தேன், மேஸ்திரி ஆனேன், இப்போது பொம்மனஹள்ளியில் சின்னச் சின்ன வீடுகளாக எடுத்துக் கட்டுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் இங்கே நாற்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் மாதிரி வைத்திருக்கிறோம். அரசாங்கத்தோடு சேர்ந்து ஊரில் ஒரே ஒரு வேலையை, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரை, உருப்படியாக முடிக்க எங்களுக்கு ஐந்து வருடம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் ஆளாளுக்குக் காசு போட்டு, ஜேசிபி பிடித்து, ஏரியைத் தூர் வாரக் கிளம்பினோம். யாரிடமும் கேட்கவில்லை. நம் ஊர் ஏரி, நம் காசு, யாரைக் கேட்பது? இரண்டாம் நாள் மத்தியானம் அதிகாரிகள் ஜீப்பில் வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏரி மண் கனிமக் கணக்கில் வரும், அனுமதி இல்லாமல் அள்ளினால் திருட்டு மண் என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் மண்ணில் புழங்குகிற எனக்கே தெரியாது! வண்டியை மீட்கப் போன செலவு தூர் வாரிய செலவைவிட அதிகம். ஊரில் கல்யாணத்துக்குப் போனால் "என்ன மேஸ்திரி, ஏரி ரெடியா?" என்று இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால் முதல் வேலை இதுதான்: எதைச் சரி பண்ண நினைக்கிறீர்களோ அது யாருடையது என்று பாருங்கள். ஊரில் எல்லாமே ஏதோ ஒரு பதிவேட்டில் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். தமிழ்நாட்டில் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம், நூறு ஏக்கருக்குக் கீழே உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தினுடையது. அதற்கு மேல் போனால் நீர்வளத் துறை. ஊருணி, குட்டை எல்லாம் கிராம ஊராட்சி. தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஒன்றியப் பள்ளியாக இருக்கும். நிலத்தின் சர்வே எண், அது என்ன புறம்போக்கு என்பதெல்லாம் அ-பதிவேட்டில் இருக்கும். பட்டா, அ-பதிவேடு பார்க்கிற அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் பெங்களூரில் டீ குடித்துக்கொண்டே பார்த்துவிடலாம். அப்புறம், கிராம நிர்வாக அலுவலர் வேறு, ஊராட்சிச் செயலர் வேறு. முன்னவர் வருவாய்த் துறை, பின்னவர் ஊராட்சி. எங்கள் பக்கம் ஊராட்சிச் செயலரை கிளார்க் என்போம். சுவருக்கு விஏஓவிடம் மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

எங்கள் ஏரிக்கு ஆயக்கட்டு அறுபத்துச் சொச்சம் ஏக்கர். ஆக, ஒன்றியம். இந்த ஒரு வரி 2017-இல் தெரிந்திருந்தால் போதும்.

அடுத்தது லீவு. சனிக்கிழமை காலை ஊரில் இறங்கி ஞாயிறு ராத்திரி திரும்பினால் ஒரு அதிகாரி முகத்தைக்கூடப் பார்க்க முடியாது, ஆபீஸ் பூட்டியிருக்கும். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் எடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே மனுவைக் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒன்றிய ஆபீசுக்குப் போனால் பாதி நாற்காலி காலியாக இருக்கும். பிடிஓவை, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரை, செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். ஒரு ஒன்றியத்தில் பிடிஓ இரண்டு பேர்: ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, அதாவது ஒன்றியத்துக்கு, ஒருவர் கிராம ஊராட்சிகளுக்கு. நம் வேலை யாருடைய மேசை என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிராம சபைதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். தமிழ்நாட்டில் முன்பு வருடத்துக்கு நான்கு நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்தார்கள். இதில் நமக்கு ஒரு வசதி பாருங்கள். நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவம், இங்கேயும் லீவு. ஆறில் ஐந்து நாள் பெங்களூர்க்காரனுக்கு லீவு எடுக்காமலே கிடைக்கிறது. மார்ச் 22-க்கு மட்டும்தான் முதலாளியிடம் சொல்ல வேண்டும். (நான்தான் முதலாளி, ஆனாலும் வீட்டில் சொல்ல வேண்டியிருக்கிறது.)

ஆனால் போனால் மட்டும் ஆகாது. கிராம சபை உறுப்பினர் என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். என் ஓட்டை நான் எப்போதோ பெங்களூருக்கு மாற்றிவிட்டேன். 2021-இல் சபையில் எழுந்து நின்று நான் பேச ஆரம்பித்ததும் பின்னால் இருந்து ஒருவர், "உனக்கு இங்க ஓட்டே இல்லயே, உக்காருப்பா" என்றார். அவர் சொன்னது சரிதான், உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் அக்கா எழுந்தாள். மகளிர் குழுவில் பத்து வருடம் கணக்கு எழுதுகிறவள். "பிள்ளைங்க ரோட்டுக்கு ஓடுது, போன மாசம் மாடு வகுப்புக்குள்ள வந்துச்சு, சுவர் வேணும்" என்று மூன்றே வாக்கியம். தீர்மானம் எழுதினார்கள். அதிலிருந்து நாங்கள் சபையில் வாயே திறப்பதில்லை. வாக்காளர்களைக் கூட்டி வருவது எங்கள் வேலை. அதுவும் சின்ன வேலை இல்லை: மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும்.

தீர்மானம் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். "பள்ளிக்கு அடிப்படை வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் அது காகிதத்தோடு போச்சு. இன்ன சர்வே எண்ணில் உள்ள ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு, இத்தனை அடி நீளத்துக்குச் சுற்றுச்சுவர், இன்ன திட்டத்தில் என்று இருக்க வேண்டும். தீர்மான எண்ணோடு நகல் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் வேலைக்கு வேண்டிய தாள்கள் மாறுவதில்லை.

இனி காசு. எந்தப் பையிலிருந்து எதற்குக் கொடுப்பார்கள் என்று தெரியாமல் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த பணத்தில் 60 சதவீதம் கட்டிப்போட்ட பணம்: பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு, அதாவது துப்புரவுக்கு. அதில் நூலகம் கேட்டால் யாராலும் தர முடியாது. நூறு நாள் வேலையில், 2005 சட்டப்படி, கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற கணக்கு இருந்தது. வாய்க்கால் வெட்ட அது சரியாக இருந்தது, சுவருக்குச் சரிப்படவில்லை. எம்எல்ஏ தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி, எம்பிக்கு 5 கோடி, ஆனால் அதற்குத் தொகுதி முழுக்க வரிசை நிற்கிறது. உங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கிளார்க்கிடம் பேசப் போகும் முன் பார்த்துவிட்டுப் போங்கள், அவர் பேசுகிற தோரணையே மாறும்.

நாங்கள் எடுத்தது நமக்கு நாமே திட்டம். 2021-22-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு, மீதி அரசு. வெளியூரில் சம்பாதிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. நம் காசு உள்ளே இருப்பதால் கேள்வி கேட்கவும் வாய் இருக்கும். பள்ளிக்கு மட்டும் என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி திட்டத்திலும் கொடுக்கலாம்.

கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சிஎஸ்ஆர் பணம் பற்றி ஐ.டி. பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள். மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம், உண்மைதான். ஆனால் கம்பெனி தன் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாங்குகிற அமைப்பும் முறையாகப் பதிவாகி, 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 பதிவும் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்புக்கு யாரும் செக் தர மாட்டார்கள்.

எஸ்டிமேட் போடுகிற நாளில் நிச்சயம் ஊரில் இருங்கள். ஒன்றிய ஓவர்சியர் டேப்போடு வந்தார். அவர் கையில் பல ஊராட்சிகள், சாப்பிடக்கூட நேரமில்லாத மனிதர். நாலு பக்கமும் அளந்து, இரண்டடி ஆழ அஸ்திவாரம், செங்கல் சுவர், 6 லட்சம் என்று குறித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். பள்ளியின் பின்பக்கம் ஏரி வாய்க்கால் ஓரம், களிமண். நான் கடப்பாரை கேட்டு வாங்கி அந்த மூலையில் ஒரு குழி போட்டேன். இரண்டரை அடியில் தண்ணீர் கசிந்தது.

"சார், ஒரு மழைக்கு இந்தப் பக்கம் சாஞ்சிடும்" என்றேன்.

"தெரியுது மேஸ்திரி. பில்லர், பீம்னு போட்டா தொகை ஏறும். உங்க பங்கும் ஏறும், பரவாயில்லையா?"

கேட்டாரே, அதுதான் பெரிய விஷயம். பின்பக்கத்துக்கு மட்டும் பத்தடிக்கு ஒரு பில்லர், கீழே பிளிந்த் பீம். எஸ்டிமேட் 7.20 லட்சம் ஆயிற்று. எங்கள் பங்கு 2 லட்சத்திலிருந்து 2.40 லட்சம். தலைக்கு 6,000 ரூபாய். அன்று ராத்திரி குரூப்பில் எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

பணத்தை டிடியாகத்தான் கட்டினோம். யார் கையிலும் ரொக்கம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நிர்வாக அனுமதி வருவதற்கு முன் ஒரு அலுவலகத்தில் "கவனிச்சா சீக்கிரம் போகும்" என்றார்கள். நாங்கள் கவனிக்கவில்லை. கோப்பு நாலு மாதம் கிடந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனுவின் பதிவு எண்ணைச் சொல்லி முதலமைச்சர் உதவி மைய எண் 1100-க்கு போன் போட்டோம், ஒவ்வொரு நினைவூட்டலையும் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். சண்டை போடவில்லை. அப்படியும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். ஆனால் எடுத்த எடுப்பில் அதை நீட்டாதீர்கள். நீட்டிவிட்டால் நல்ல அதிகாரிகூட உங்களிடம் தாளில் மட்டும்தான் பேசுவார்.

டெண்டரை நானே எடுத்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். பங்கு போட்டவனே காண்ட்ராக்டும் எடுத்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். வேறு ஒருவர் எடுத்தார். என் பங்குக்கு ஒன்று செய்தேன்: அஸ்திவாரத்தை மூடுவதற்கு முன், பில்லர் கம்பி கட்டினதும், பீம் போட்டதும், டேப்பை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பும்படி சித்தப்பா மகனிடம் சொல்லிவைத்தேன். மண்ணுக்குள் போனதை அப்புறம் யாரும் அளக்க முடியாது. பில் போடும்போது ஓவர்சியர் எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுதியதும் எங்கள் போட்டோவும் ஒத்துப்போயின. ஒரு இடத்தில் பில்லர் ஒன்று குறைந்திருந்தது. போட்டோவைக் காட்டியதும் காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுத்தார்.

கோலார், பங்காரப்பேட்டை பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடகத்தில் பல ஊர் சேர்ந்ததுதான் ஒரு கிராம பஞ்சாயத்து. அங்கே பிடிஓ என்றால் பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரி, பஞ்சாயத்து ஆபீசிலேயே உட்காருவார். கிராம சபைக்கு முன் வார்டு சபை உண்டு, அங்கேயே உங்கள் கோரிக்கையை ஏற்றிவிடுங்கள். கன்னடத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

சுவர் 2023 ஜூனில், பள்ளி திறக்கிற வாரம் முடிந்தது. கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று ஒரு மாதம் சண்டை நடந்து, கடைசியில் யார் பெயரும் இல்லாமல் "பொதுமக்கள் பங்களிப்பு" என்று மட்டும் எழுதினார்கள். மூன்று மழை பார்த்துவிட்டது, பின்பக்கம் ஒரு விரிசல் இல்லை.

ஏரி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் எடுக்க 2024-இலிருந்து தாசில்தாரே அனுமதி தரலாம் என்று ஆகியிருக்கிறது. இந்த முறை ஜேசிபிக்காரரிடம் பேசுவதற்கு முன் பன்னிரண்டு விவசாயிகளின் பட்டா நகலை வாங்கி ஒரு ஃபைலில் போட்டுவிட்டேன். அக்காவிடமும் சொல்லியாகிவிட்டது. நவம்பர் 1-க்கு முந்தின ராத்திரி வண்டிக்கு டிக்கெட் இப்போதே போடுங்கள், ராஜ்யோத்சவ லீவுக்கு சாந்தி நகரில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.